ரத்தப் புற்றுநோய் கூட்டத்துக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போகணுமா?

தோவாளை மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 58 வயசு, தோவாளை மார்க்கெட்ல பூ வியாபாரம். வேற எதுக்கோ ரத்தம் பாத்தப்ப வெள்ளை அணு எக்கச்சக்கமா ஏறியிருந்துச்சு. நாகர்கோவில்ல இருந்து திருவனந்தபுரத்துக்கு அனுப்பினாங்க. சிஎம்எல்னு ஒரு வகை ரத்தப் புற்றுநோய்னு சொல்லி, அதுக்கு இமாடினிப் 400 மி.கி. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க, தினம் ஒண்ணு. இப்ப ஆளு நல்லா இருக்காங்க, வியாபாரத்துக்கும் போறாங்க.

அங்க நோட்டீஸ் போர்டுல, ரத்தப் புற்றுநோய் உள்ளவங்களுக்கும் வீட்டாருக்கும் ஞாயித்துக்கிழமை கூட்டம்னு ஒட்டியிருந்துச்சு. "டாக்டர் ரூம்ல சொல்றதத்தான அங்கயும் சொல்லுவாங்க, ஒரு நாள் யாவாரம் போயிரும்"ங்கிறாங்க அப்பா. அம்மாவுக்கு வேற பயம். ஊர்க்காரங்க யாராவது பாத்துட்டா தங்கச்சி கல்யாணப் பேச்சு என்னாகும்னு கேக்குறாங்க. அவங்களுக்கு மலையாளமும் தெரியாது. இந்த மாதிரி கூட்டத்துக்குப் போனவங்க இருந்தா சொல்லுங்க. அப்பா மட்டும் வந்தா போதுமா?

கருங்கல் அக்கா:

மக்களே, அம்மாவ கண்டிப்பா கூட்டிட்டுப் போ. அப்பா வரலேன்னாலும் அம்மா போகட்டும்.

எங்க வீட்டுக்காரருக்கும் சிஎம்எல்தான், கொத்தனார் வேலை. இந்த நோயில மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல ரத்த அணுக்கள் எண்ணிக்கை சரியாயிரும், ஆளும் தெம்பாயிருவாவ. அங்கதான் சூட்சுமம். எண்ணிக்கை சரியானாலும், ரத்தம் ஊறுற எலும்பு மஜ்ஜையில நோய் பாக்கி கிடக்கும். உடம்பு நல்லா இருக்கிறவருக்கு மாத்திரை மறந்து போகும். மறக்காம பாத்துக்கிற ஆளு வீட்ல இருக்கிறவதான். 2010ல லண்டன் டாக்டர்மார் வெளியிட்ட ஒரு ஆய்வுல, பத்துல ஒரு பங்கு மாத்திரைய விட்டவங்களுக்குக்கூட நோய் நல்லா அடங்குற வாய்ப்பு ரொம்பக் குறைஞ்சு போச்சு. மாசக் கணக்குல பாத்தா மூணே மூணு மாத்திரை. இத ஒரு கூட்டத்துல டாக்டர் சொன்னப்ப, எனக்கு முன்வரிசையில இருந்த பொம்பளைங்க எல்லாம் திரும்பி அவங்கவங்க வீட்டுக்காரரப் பாத்தாவ.

அண்டைக்கு தூத்தூர்ல இருந்து ஒரு அண்ணன் வந்திருந்தார். ஆழ்கடல் தொழில், போனா கரை திரும்ப ஒரு மாசத்துக்கு மேல ஆகும். மாத்திரைய போட்ல எப்படி வச்சுக்கிறதுன்னு கேட்டார். டாக்டர் வாய் திறக்குமுன்ன, கொளச்சல்ல இருந்து வந்த ஒரு மைனி எந்திரிச்சாவ. அவங்க வீட்டுக்காரரும் கடல் தொழில்தான். பையில இருந்து மாத்திரை அட்டைய எடுத்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாவ. ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலயும் பேனாவால தேதி எழுதியிருந்துச்சு. அட்டையிலேருந்து பிரிக்காம, இறுக்கி மூடுற டப்பா ரெண்டுல பாதிப் பாதியா போட்டு, ஒண்ணு அவர் பையில, மத்தது போட் ஓட்டுற ஸ்ராங்குகிட்ட. கரை சேர நாள் நீண்டா வேணும்னு பத்து நாள் மாத்திரை கூடுதலா. இந்த ஏற்பாடு எந்த டாக்டர் ரூம்லயும் கிடைக்காது மக்களே, ஒருத்தி வாழ்ந்து பாத்து கண்டுபிடிச்சது. எங்க வீட்லயும் இப்ப தேதி எழுதின அட்டைதான்.

உங்க அப்பா விடியுமுன்ன வெறும் வயித்துல கட்டன்காப்பியோட மார்க்கெட்டுக்குப் போறவர்லா? இமாடினிப்ப சாப்பாட்டோட, ஒரு பெரிய டம்ளர் தண்ணியோட எடுக்கணும், இல்லேன்னா கொமட்டும். ராத்திரிச் சாப்பாட்டோட வச்சுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளு, தினமும் ஒரே நேரமா இருக்கட்டும். கசாயம், லேகியம்னு யாராவது கொண்டு வந்து தந்தா, டாக்டர்கிட்ட காட்டாம கொடுக்காதீங்க. நம்ம ஊர்ல அது தராத சொந்தக்காரர் கிடையாது.

தங்கச்சி விஷயத்துக்கு வாறேன். இதே கேள்விய ஒரு அம்மா மைக்கப் பிடிச்சு கேட்டாவ. டாக்டர் போர்டுல, செல்லுக்குள்ள இருக்கிற குரோமோசோம்ல 9, 22ன்னு நம்பர் உள்ள ரெண்ட வரைஞ்சு, ரெண்டுலயும் ஒரு துண்டு ஒடைஞ்சு இடம் மாறி ஒட்டிக்கிறதக் காட்டினார். அது மஜ்ஜையில ஒரு செல்லுல, பொறந்து வளர்ந்த பிறகு நடக்கிறது. அப்பாகிட்டேருந்து பிள்ளைக்கு வாறது கிடையாது, தொத்துறதும் கிடையாது. செப்டம்பர் 22ஐ உலக சிஎம்எல் நாளா வச்சதும் இந்த 9, 22ஐ வச்சுத்தான். இத உன் வாயால சொன்னா அம்மா பாதிதான் நம்புவா. அங்க டாக்டர் வாயால கேக்கட்டும்.

இன்னொண்ணு. நோய் எவ்வளவு பாக்கி இருக்குன்னு ரத்தத்துல பாக்குற டெஸ்டுதான் பிசிஆர். அந்த ரிசல்ட் பாக்க அங்க படிச்சிட்டு வா. மூணு மாசத்துல 10 சதவீதத்துக்குள்ள, ஆறு மாசத்துல 1க்குள்ள, ஒரு வருஷத்துல 0.1க்குள்ள. இந்த மூணு கணக்கும் தெரிஞ்சா அடுத்த செக்கப்புல என்ன கேக்கணும்னு உனக்கே தெரியும்.

மலையாளத்த நினைச்சுப் பேடிக்காண்டாம். நான் போன கூட்டத்துல எல்லாம் களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கம், நம்ம தமிழ்நாட்டுல உள்ளவங்க நிறைய இருந்தாவ. அவங்க பக்கத்துல அம்மாவ இருத்து. கேள்விய சீட்டுல தமிழ்ல எழுதிக் கொடுக்கலாம்.

வடசேரி மருந்துக்கடை:

அக்கா சொன்னதுல மாத்து இல்ல. கூட ரெண்டு விஷயம். செக்கப்புக்கு ரயில்ல போகும்போது, ஆஸ்பத்திரியில சலுகைப் படிவம் வாங்கிக்கோங்க. ஸ்லீப்பர், மூணாம் ஏசியில நோயாளிக்கு டிக்கெட் இலவசம், கூடப் போற ஒருத்தருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. கூட்டத்துக்கு மட்டும் போறதுக்கு இது ஆகாது.

இமாடினிப் விலை பத்தி அப்பா கவலைப்பட்டா ஒரு தகவல். இத முதல்ல கொண்டு வந்த வெளிநாட்டுக் கம்பெனியோட மருந்து ஒரு காலத்துல மாசம் லட்சத்துக்கு மேல. 2013 ஏப்ரல் 1ல உச்ச நீதிமன்றம் அதுக்குக் காப்புரிமை கிடையாதுன்னு தீர்ப்பு சொன்னதால, நம்ம நாட்டுக் கம்பெனிகள் செய்யுற மாத்திரை தடையில்லாம கிடைக்குது. ஃபிரெண்ட்ஸ் ஆஃப் மேக்ஸ்னு நோயாளிகளும் குடும்பங்களும் சேர்ந்த ஒரு குழு, சிஎம்எல் உள்ளவங்களுக்காக இந்தியாவுல பல ஊர்ல கூட்டம் போடுறாங்க. விசாரிச்சுப் பாருங்க.

குலசேகரம் அம்மா:

என் பிள்ளைக்கு ஏஎல்எல், அது வேகமா ஏறுற இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய், கீமோ நடக்குது. இதப் படிக்கிற மத்தவங்களுக்காகச் சொல்றேன். கீமோவுல வெள்ளை அணு இறங்கிக் கிடக்கிற பிள்ளைய கூட்டத்துக்குக் கொண்டு போகாதீங்க. அப்பாவோ அம்மாவோ ஒருத்தர் போய்ட்டு வந்தா போதும். நான் அங்க படிச்சதுல பெருசு இதுதான்: காய்ச்சல் 100.4 தொட்டா நடுராத்திரியா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். வீட்ல மாத்திரை கொடுத்து விடியட்டும்னு இருக்கக் கூடாது. எங்க பைய எப்பவும் வாசல்லயே கட்டி வச்சிருக்கேன்.

தோவாளை மகள்:

ரொம்ப நன்றி அக்கா, எல்லாருக்கும் நன்றி. அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். கொளச்சல் மைனி கதைய ரெண்டாவது தடவ வாசிக்கச் சொன்னாங்க. வர்றேன்னுட்டாங்க. அப்பா இன்னும் பிடி கொடுக்கல. அம்மா ஒரு கேள்வி கேக்கச் சொன்னாங்க: காலையில எந்திரிக்கும்போது அப்பாவுக்குக் கண்ணச் சுத்தி வீங்கியிருக்கு, மாத்திரையாலயா?

கருங்கல் அக்கா:

இந்த மாத்திரைக்கு அது வழக்கமா வாறதுதான், எங்க வீட்லயும் உண்டு. அதுக்காக மாத்திரைய நீங்களா நிறுத்திராதீங்க. சீட்டுல முதல் கேள்வியா இத எழுதச் சொல்லு. வாரத்துக்கு ஒருக்கா எடை பாத்து எழுதி வைங்க. எடை சடார்னு ஏறினாலோ மூச்சு முட்டினாலோ ஞாயித்துக்கிழமை வரைக்கும் காக்காண்டாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லிரு.