இடிதாங்கி இருந்தும் சாதனங்கள் எரிந்துவிட்டன: அவசர உதவி தேவை

கோத்தகிரிவாசி: வணக்கம். நேற்று மாலை பெய்த கோடை மழையின்போது விழுந்த இடியில் எங்கள் வீட்டின் தொலைக்காட்சி, மோடம், மோட்டார் ஸ்டார்ட்டர் மூன்றும் எரிந்துவிட்டன. கூரையில் இடிதாங்கி இருந்தும் ஏன் இப்படி ஆயிற்று? மாடியில் விருந்தினர்கள் தங்கியிருக்கிறார்கள், இன்றும் வானம் கருத்திருக்கிறது.

மின்பணியாளர்_குன்னூர்: கட்டடம் எத்தனை மாடி, இடிதாங்கியிலிருந்து இறங்கும் செப்புப் பட்டை எங்கே போய் முடிகிறது, எர்த் குழியின் (அந்தப் பட்டை மண்ணோடு சேரும் குழி) மின்தடை எத்தனை ஓம் என்பவற்றைச் சொல்லாமல் காரணம் கூற இயலாது. இப்போதைக்கு, இடி முழக்கம் கேட்பதற்கு முன்பே பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள். மழை ஓயும்வரை விருந்தினர்கள் குளிக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

தேயிலைத்தோட்டம்: வீட்டை ஒட்டி உயரமான சில்வர் ஓக் மரங்கள் உண்டா? எங்கள் தோட்டத்தில் மரத்தில் இறங்கிய மின்னல் அங்கிருந்து சுவருக்குத் தாவியது. உங்களுக்கும் மரமே காரணம் என்று நினைக்கிறேன்.

பழையபொறியாளர்: இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். இடிதாங்கி இடியைத் தடுக்கும் கருவி அன்று. எப்படியும் இறங்கவிருக்கும் மின்னலைத் தன் முனையில் வாங்கி, சுவரையும் கூரையையும் தொடாமல் மண்ணுக்குக் கொண்டுசேர்ப்பது மட்டுமே அதன் வேலை. கூர்முனை மேகத்தின் மின்னேற்றத்தையே வடித்துவிடும் என்று 1750 வாக்கில் இடிதாங்கியை உருவாக்கிய பெஞ்சமின் பிராங்க்ளின் எதிர்பார்த்தார்; அது நடப்பதில்லை. அந்தக் கம்பி காப்பது கட்டடத்தையே. தொலைக்காட்சியைக் காக்க வேறு ஏற்பாடு வேண்டும்.

கோத்தகிரிவாசி: மன்னிக்கவும், ஐயா. மூன்று மாடிக் கட்டடம். மரம் எதுவும் அருகில் இல்லை. பட்டை வீட்டின் பின்புறம் மண்ணுக்குள் இறங்குகிறது, தடையை அளந்ததில்லை. கூரையில் சூரிய வெந்நீர்த் தொட்டியும் உண்டு, அது இடிதாங்கியைவிடச் சற்று உயரம்.

மின்பணியாளர்_குன்னூர்: அப்படியானால் அந்தத் தொட்டிக்குக் காப்பே இல்லை, கம்பியை உயர்த்த வேண்டும். அடுத்து எர்த். நமது மலையில் சில அடி தோண்டினாலே பாறை தட்டுவதால் நல்ல தடை கிடைப்பது அரிது. சாதாரண மின்னலிலேயே சுமார் 30,000 ஆம்பியர் பாயும். தடை 10 ஓமுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 50 ஓம் இருந்தால், அந்தக் குழியின் மின்னழுத்தம் அக்கணத்தில் 15 லட்சம் வோல்ட் வரை ஏறும். அது அருகிலுள்ள குழாய்க்கோ ஒயருக்கோ தாவத்தான் செய்யும். ஆகவே இடிதாங்கியின் குழியை வீட்டு எர்த்திலிருந்து நன்றாகத் தள்ளித் தனியாக வைத்து, இரண்டையும் இணைக்காமல் விடுங்கள்.

பழையபொறியாளர்: கணக்கு சரி, முடிவு முற்றிலும் தவறு. இந்தத் தவற்றை இன்னும் எத்தனை வீடுகளில் செய்யப்போகிறீர்கள்? இரண்டும் தனித்தனியாக இருந்தால் ஒன்று 15 லட்சம் வோல்ட்டுக்கு ஏறும்போது மற்றொன்று சுழியில் நிற்கும். அந்த வேறுபாடுதான் சுவரைத் துளைத்துத் தாவுகிறது. இரண்டையும் கனமான பட்டையால் இணைத்துவிட்டால், வெள்ளத்தில் படகும் படகிலிருப்போரும் சேர்ந்தே உயர்வதுபோல, வீட்டிலுள்ள உலோகம் அனைத்தும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். வெளியிலிருந்து வரும் மின்வாரிய ஒயரும் இணையக் கேபிளும்தான் சேர்ந்து ஏறாதவை. அவை நுழையும் இடத்திலேயே சர்ஜ் தடுப்பான், அதாவது திடீரென ஏறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி, வேண்டும்.

தேயிலைத்தோட்டம்: கோபுரக் கலசங்கள் இத்தனை ஏற்பாடுகள் இல்லாமலே ஊரைக் காத்தனவே? செம்பும் வரகும் போதும் என்று முன்னோர் அறிந்திருந்தார்கள்.

பழையபொறியாளர்: கலசத்திலிருந்து மண்வரை தொடர்ச்சியான உலோகப் பாதை இல்லையென்றால் மின்னோட்டம் செங்கல்லையும் சுதையையும் பிளந்துகொண்டுதான் இறங்கும். இடி விழுந்து கோபுரச் சிற்பங்கள் உடைந்த செய்திகளைத் தாங்கள் படித்ததில்லையா?

தேயிலைத்தோட்டம்: சில கோபுரங்கள் உடைந்ததால் எல்லாக் கலசங்களும் பயனற்றவை என்று ஆகிவிடாது.

மின்பணியாளர்_குன்னூர்: வழக்கை இத்துடன் விடுவோம். இணைப்பு பற்றி ஐயா சொன்னதை ஏற்கிறேன், நான் கற்ற பழைய முறை அது. கோத்தகிரி நண்பரே, பாறையில் ஆழமாகத் தோண்டப் போராடாதீர்கள். வீட்டைச் சுற்றி அரை மீட்டர் ஆழத்தில் பட்டையை வளையமாகப் புதைத்து, பென்டோனைட் களிமண்ணால் மூடுங்கள். உப்பும் கரியும் போட்டால் நம் ஊர் மழை உப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும், பட்டையும் அரிக்கும்.

கோத்தகிரிவாசி: இன்று தோண்டிப் பார்த்தோம். பட்டை இரண்டடி ஆழத்தில் பாறை தட்டியதும் அப்படியே நின்றுவிட்டது, குழியே இல்லை. அளந்ததில் 140 ஓம். வளையம் போட ஆள் சொல்லியிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

பழையபொறியாளர்: மீட்டர் பலகையில் சர்ஜ் தடுப்பான் பொருத்தினீர்களா? ஸ்டார்ட்டர் எரிந்ததைப் பார்த்தால், உங்கள் கூரையில் இடி விழாமலே மின்வாரிய ஒயர் வழியாக வந்திருக்கவும் கூடும். கம்பியின் முனையில் உருகிய தடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மின்பணியாளர்_குன்னூர்: நான்கு நாட்களாகிவிட்டன. முனையைப் பார்த்தீர்களா, நண்பரே?