.17 வைல்ட்கேட் தோட்டாவுக்குத் தனிக் குழல் கடைவது தகுமா?

குறுங்குழல்:
என்னிடமுள்ள சிறிய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளின் (ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் திறந்து மூடும் வகை) குழல் தேய்ந்துவிட்டது. அதன் போல்ட் முகம், அதாவது தோட்டா உறையின் அடியைத் தாங்கும் பகுதி, .223 ரெமிங்டன் உறையின் அடிப்பகுதிக்கு ஏற்றது என்பதால், அந்த அளவை ஒட்டிய எந்தத் தோட்டாவுக்கும் புதுக் குழல் கடைந்து பொருத்தலாம். நான் எண்ணியிருப்பது .17 மாக் 4. இது, 1963இல் வந்த .221 ஃபயர்பால் உறையின் கழுத்தை .172 அங்குலக் குண்டுக்கு ஏற்பச் சுருக்கி வெர்ன் ஓ பிரையன் உருவாக்கிய வைல்ட்கேட், அதாவது தொழிற்சாலைத் தோட்டாவாக வராமல் தனியார் வடிவமைத்த தோட்டா. 20 கிரெய்ன், அதாவது 1.3 கிராம் எடையுள்ள குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 4,000 அடி வேகத்தில் செலுத்தும். 1971இல் வந்த .17 ரெமிங்டன் தோட்டாவும் ஏறத்தாழ அதே வேகத்தைத் தருகிறது. குண்டு சற்றுக் கனமானதுதான், ஆனால் வெடிமருந்தும் கூடுதலாக எரிகிறது, குழலும் விரைவில் சூடாகிறது. மாக் 4இல் உதைப்பு மிகக் குறைவு என்பதால், குண்டு படும் இடத்தைத் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே பார்த்துவிடலாம். எனக்கு அதுவே பெரிது. எதிர்க்கருத்துள்ளவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

பழைய ரீமர்:
நண்பரே, நீங்கள் விரும்புவதை ரெமிங்டன் நிறுவனம் 2007இலேயே .17 ரெமிங்டன் ஃபயர்பால் என்ற பெயரில் வெளியிட்டுவிட்டது. இரண்டும் அளவில் மிக நெருக்கமானவை, ஆனால் ஒன்றல்ல. ஒன்றின் தோட்டாவை மற்றொன்றின் சேம்பரில் (குழலில் தோட்டா அமரும் அறை) சுடக் கூடாது. தொழிற்சாலைத் தோட்டாவுக்கு முறையான வரைபடமும் அழுத்த வரம்பும் உண்டு. வைல்ட்கேட்டுக்கோ, சேம்பரைக் கடையும் கருவியான ரீமரைச் செய்தவர் வரைந்த தாளே வேதம். ஒரே பெயரில் இருவர் செய்த ரீமர்கள் ஒத்திருக்கும் என்று நம்ப முடியாது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கழுத்தை .22இலிருந்து .17க்குச் சுருக்கும்போது அந்தப் பித்தளை வேறெங்கும் போய்விடுவதில்லை. கழுத்தின் சுவர் தடிக்கிறது. குண்டைப் பொருத்திய பின் கழுத்தின் வெளிவிட்டம் சேம்பரின் கழுத்தை இறுக்கமாக நிரப்பிவிட்டால், சுடும் கணத்தில் கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க இடமிருக்காது, அழுத்தம் எகிறும். பல ஆண்டுகளுக்கு முன் இதே தவறை நான் செய்தேன். மருந்தின் அளவைக் குறைத்தபோதும் போல்ட்டைத் திறக்கக் கை வலித்தது; மருந்துதான் காரணம் என்று இரண்டு நாள் தேடிய பிறகே மைக்ரோமீட்டரைக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். கழுத்தைக் கடைந்து மெல்லியதாக்கும் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா?

காற்றளவி:
இருவரும் குழல் துளையின் பரப்பை மறந்துவிட்டீர்கள். குண்டு விட்டங்களான .172ஐயும் .204ஐயும் வர்க்கமாக்கிப் பாருங்கள்; .17 துளையின் குறுக்குப் பரப்பு .20 துளையில் ஏறத்தாழ 71 சதவீதம், .224 துளையில் 59 சதவீதம் மட்டுமே. அந்தச் சிறிய வாய் வழியே சூடான வாயு முழுவதும் பாய வேண்டியிருப்பதால், மருந்து கூடினால் தொண்டைப் பகுதி (சேம்பருக்கு முன்னால் துளை தொடங்கும் இடம்) விரைவில் அரிக்கப்படுகிறது. செம்புப் படிவும் இந்தத் துளையில் சீக்கிரமே துல்லியத்தைக் கெடுக்கிறது. 20 கிரெய்ன் குண்டைப் பக்கக் காற்று எப்படித் தள்ளும் என்பதைச் சுட்டுப் பார்த்தவர் அறிவார்.

எனவே .20 பிராக்டிகல் எடுங்கள். .223 உறையின் கழுத்தை .20க்குச் சுருக்கினால் போதும்; தோளை, அதாவது கழுத்துக்குக் கீழே உறை அகலும் சரிவை, மாற்ற வேண்டியதில்லை. அந்த உறை கிடைப்பதைப் போல எளிதாக வேறெதுவும் கிடைப்பதில்லை. 2004இல் ரூகரும் ஹார்னடியும் கொண்டுவந்த .204 ரூகருக்கு மிக நெருங்கிய வேகம் இதில் கிடைக்கும்.

குறுங்குழல்:
காற்றைப் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் நான் சுடுவது 200 மீட்டருக்குள்தான், அந்தத் தொலைவுக்கு .223 அளவு உறையில் மருந்தை எரிப்பது சிட்டுக்குருவியைப் பிடிக்க யானை வலை விரிப்பதாகும். உதைப்பும் கூடும், குண்டு படுவதைக் காணும் வசதியும் குறையும்.

பழைய ரீமருக்கு ஒரு வார்த்தை. வைல்ட்கேட் என்றாலே வரைமுறையற்றது என்பது போல எழுதுகிறீர்கள். .22-250ஐ நினைவில் கொள்ளுங்கள். .250 சாவேஜ் உறையிலிருந்து 1930களில் பிறந்து, பல ஆண்டுகள் வைல்ட்கேட்டாகவே வாழ்ந்து, தொழிற்சாலைத் தோட்டா வருமுன்பே பிரவுனிங் ரைஃபிளில் இடம்பெற்று, 1965இல்தான் ரெமிங்டனின் தோட்டாவாயிற்று.

பழைய ரீமர்:
அந்த வரலாறு என் பக்கமே சாய்கிறது. நல்ல வைல்ட்கேட்டைத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டபின் மூல வடிவத்திலேயே நிற்க என்ன காரணம்? .22 ஹார்னெட்டிலிருந்து பிறந்த வைல்ட்கேட்டான கே-ஹார்னெட்டை நான் மதிக்கிறேன். .22 ஹார்னெட் உறை விளிம்பில் தங்குவதால், சாதாரணத் தோட்டாவையே அந்தச் சேம்பரில் சுடலாம், சுட்டதும் உறை புதிய வடிவம் பெறுகிறது. வைல்ட்கேட் கிடைக்காத நாளிலும் ரைஃபிள் சும்மா கிடக்காது. உங்கள் மாக் 4 அப்படி எதைத் தருகிறது?

குறுங்குழல்:
நல்ல உறை. லாப்புவா நிறுவனம் .221 ஃபயர்பால் உறைகளைச் செய்கிறது. அந்தத் தரத்துக்காகவே மாக் 4 பக்கம் சாய்ந்தேன்.

பழைய ரீமர்:
அதே உறையிலிருந்து .17 ஃபயர்பாலையும் செய்யலாமே! உரிய டையில் (உறைக்கு வடிவம் தரும் அச்சு) கழுத்தைச் சுருக்கி, தோளைப் பின்னுக்குத் தள்ளி, தடிமனை அளந்து பாருங்கள். வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இங்கே சேம்பரைச் சரிபார்க்கும் அளவுமானியும் அழுத்தத் தரவும் உங்களுக்குத் துணையிருக்கும்.

காற்றளவி:
இந்த இடத்தில் நான் பழைய ரீமரின் பக்கம். ஆனாலும் .20தான் சரி என்ற என் கருத்து மாறவில்லை.

குறுங்குழல்:
உறைக்காகத்தான் மாக் 4 என்றேன். அந்தக் காரணம் இப்போது நிற்கவில்லை. .17 ஃபயர்பாலுக்கே குழல் கடையச் சொல்லப்போகிறேன். சேம்பரின் உள்வடிவைக் காட்டும் வார்ப்பு ஒன்றும் கேட்டு வாங்கிக்கொள்வேன். கழுத்தின் விட்டத்தை நானே அளந்த பிறகுதான் முதல் உறையை டையில் ஏற்றுவேன். காற்றளவியின் .20 பிராக்டிகலை இந்தக் குழல் தேய்ந்த பிறகு மீண்டும் விவாதிக்கலாம். குழலின்மீது தோட்டாவின் பெயரைப் பொறிக்க மறக்க மாட்டேன்.