பீக் ஃப்ளோ மீட்டரை (ஊதும் வேகத்தை அளக்கும் சிறு கருவி) மட்டும் வைத்து சிஓபிடி-யைக் (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) கணிக்கலாமா?

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்பைரோமீட்டர் (ஊதும் காற்றின் அளவையும் வேகத்தையும் அளக்கும் கருவி) இல்லை. 40 வயதுக்கு மேல், பீடி அல்லது விறகடுப்புப் புகை, விடாத இருமல், படியேறினால் மூச்சிரைப்பு. இவர்களில் யாரை மேலே அனுப்புவது?

பதில் 1: பீக் ஃப்ளோ வெறும் சல்லடை. அளவு குறைந்தால் ஆஸ்துமாவா சிஓபிடி-யா என்று பிரித்துச் சொல்லாது. உறுதிசெய்ய ஸ்பைரோமெட்ரிதான்: ஸ்பேசரில் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) சால்பியூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) 400 மைக்ரோகிராம், அதாவது 100 மைக்ரோகிராம் பஃப் நான்கு, 15 நிமிடம் கழித்து ஊதி எஃப்இவி1/எஃப்விசி விகிதம் (முதல் நொடியில் ஊதிய காற்றை மொத்தம் ஊதிய காற்றால் வகுத்தது) 0.70-க்குக் கீழ் இருக்கணும்.

பதில் 2: 0.70-ஐ வேதவாக்கா எடுக்காதீங்க. வயசு ஏற ஏற விகிதம் தானே இறங்கும். 75 வயசுக்காரருக்கு இல்லாத நோயை ஒட்டிவிடும். 0.60–0.80-க்குள் வந்தால் வேறொரு நாள் திரும்ப எடுங்க.

பதில் 3: கோளாறு பெரும்பாலும் ஊதுவதில்தான். 6 நொடிக்கு முன்னாடியே நிறுத்தினால் எஃப்விசி குறைஞ்சு, விகிதம் நார்மல் மாதிரி காட்டும். உதட்டோரக் கசிவு, மவுத்பீஸை மறைக்கும் நாக்கு (பல்செட் ஆடினாலும் இதே கதை) எல்லாம் பாருங்க. ஒழுங்கான ஊதல் 3 வேணும். அதில் உசந்த இரண்டுக்கும் வித்தியாசம் 150 மி.லி.-க்குள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல்னா முதலில் சளிப் பரிசோதனை, காசநோய் இல்லைன்னு தெரிஞ்ச பிறகு ஊதல்.