வெயிலைத் தின்று ஒரு மிருகம் நடக்குமா?

மணல்வரி:
என் நாவலுக்கு ஒரு மிருகம் தேவைப்பட்டது, பேர் முள்ளாடு. இடம் அரிசோனா பக்கத்து சோனோரன் பாலைவனம். 40 கிலோ எடை, முதுகில் சகுவாரோ கள்ளிக்கு இருப்பதுபோல மடிப்பு மடிப்பாகப் பச்சைத் தோல், மழை பெய்தால் மடிப்பு விரிந்து தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும். வாய் கிடையாது, வெயில்தான் சாப்பாடு, பகல் முழுக்கத் திரியும். ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
வயிறுதான் ஓட்டை. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் விழும், அதில் செடி 1, 2 சதவீதம் பிடித்தாலே பெரிய விஷயம். முதுகு அரை சதுர மீட்டர் என்று தாராளமாக வைத்தாலும் உச்சியில் 10 வாட்தான், ராத்திரியையும் சேர்த்துச் சராசரி போட்டால் 2, 3 தேறும். அந்த எடையுள்ள பாலூட்டி சும்மா படுத்துக்கிடக்கவே 50 வாட் கிட்ட வேண்டும். இதில் திரிவது வேறயா?

பச்சைநத்தை:
எலீசியா குளோரோட்டிகா என்று ஒரு கடல் நத்தை இருக்கிறது. பாசியை உறிஞ்சி, வெயிலில் உணவு சமைக்கும் அதன் பசுங்கணிகங்களை மட்டும் செரிக்காமல் உடம்பில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கிறது. நிஜத்திலேயே இருப்பதைக் கதையில் எழுதக் கூடாதா?

கணக்குப்பிள்ளை:
நத்தை வரும் என்று தெரியும். அது சில சென்டிமீட்டர், இலைபோலத் தட்டை, நகர்வதும் நத்தை வேகம். வெயிலால்தான் பிழைக்கிறதா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் சண்டை, ஏனென்றால் அதே மாதிரி நத்தைகளை இருட்டில் வைத்தபோதும் வாரக்கணக்கில் தாக்குப்பிடித்தன. அப்புறம், கள்ளி பகலில் தன் துளைகளை மூடிக்கொள்ளும். ராத்திரிதான் திறந்து, கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாக வைத்திருந்து, விடிந்ததும் அதை வைத்துச் சமைக்கும். பகலில் மூச்சு வாங்கத் திரிகிற உங்கள் ஆடு சேர்த்த தண்ணீரையெல்லாம் மூச்சிலேயே விட்டுவிடும்.

தூண்சிற்பம்:
வாட் கணக்குப் பார்த்தால் யாளி எப்படிங்க நிற்கும்? சிங்க உடம்பில் தும்பிக்கை, அது என்ன தின்னும் என்று எவனும் கேட்டதில்லை.

கணக்குப்பிள்ளை:
யாளி தூணில் நிற்கிறது. இவர் ஓட்டை கேட்டார்.

ஓணான்கட்சி:
இரண்டு பேரும் ஆட்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஊர்வன ஆக்குங்கள், அதே எடைக்குப் பத்தில் ஒரு பங்கு சக்தி போதும், 50 வாட் 5 ஆகிவிடும். மீதிக்கு, வருஷத்தில் முக்கால்வாசி அசையாமல் கிடக்கட்டும். அதே சோனோரனில் ஸ்பேட்ஃபுட் தவளை மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து, கோடை மழை இடித்ததும் மேலே வந்து அன்று ராத்திரியே ஜோடி தேடுகிறது. தலைப்பிரட்டை பத்து நாளுக்குள்ளேயேகூடத் தவளை ஆகிவிடும், அதற்குள் குட்டை வற்றிவிடுமே. நடந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை: மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் ஒரு கள்ளி தரையில் படுத்தபடி தலைப்பக்கம் வேர்விட்டு வளர்ந்துகொண்டே போகும், வால்பக்கம் காய்ந்து செத்துக்கொண்டே வரும். அப்படியே இடம் மாறிவிடும்.

மணல்வரி:
கதாநாயகி அதன் மேல் ஏறித்தான் ஊரைவிட்டே ஓடுகிறாள்! படுத்துக் கிடந்தால் நான் என்ன எழுதுவது?

கணக்குப்பிள்ளை:
40 கிலோ மிருகத்தின் மேல், அதுவும் முள்ளின் மேல்?

மணல்வரி:
சேணம் உண்டு சார். எடையை ஏற்றிக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
ஏற்றினால் இன்னும் மோசம். எடை எட்டு மடங்கானால் தோல் நாலு மடங்குதான் ஆகும்.

ஓணான்கட்சி:
வாயைக் கொடுங்கள், தீர்ந்தது. பச்சைத் தோல் பஞ்சத்துக்கு மட்டும், மற்ற நாளில் மெஸ்கீட் காய் தின்னட்டும். நம்ம சீமைக் கருவேலத்துக்குச் சொந்தக்கார மரம், காய் இனிக்கும், மழைக்கு முன்னால் பழுத்து உதிரும், கொயோட்டி என்கிற அந்த ஊர் ஓநாய்கூடப் பொறுக்கித் தின்னும்.

மணல்வரி:
வாய் வைக்கிறேன். பகலில் திரிவதை மட்டும் விட மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
ராத்திரியில் ஓட வையுங்கள், துரத்துகிறவனுக்கும் கண் தெரியாது.

ஓணான்கட்சி:
கண் எதற்கு? சாணியில் விழுந்த கொட்டையெல்லாம் மழைக்கு முளைத்து, போன வழியை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.