13 பேர், 9 பாக்கெட்: போட்டோகார்டு பைண்டரை எப்படி அடுக்குவது?

வணக்கம் மக்களே. கொரிய பாப் குழுவான செவன்டீனின் போட்டோகார்டு (ஆல்பத்தோடு வரும், உறுப்பினர் படம் போட்ட சின்ன அட்டை) சேர்ப்பவர்களிடம் ஒரு யோசனை வேண்டும்.

குழுவில் 13 பேர். பைண்டரில் போடும் ஏ4 பிளாஸ்டிக் தாளில் 9 பாக்கெட். ஒரு ஆல்பம் பதிப்புக்கு இரண்டு தாள் போட்டால் 5 இடம் காலி. 4 பாக்கெட் ஏ5 தாள் என்றால் நான்கு தாளில் 3 இடம்தான் காலி, ஆனால் பைண்டர் சீக்கிரம் பருத்துவிடும். இடம் விடாமல் தொடர்ந்து அடுக்கினாலோ, நடுவில் ஒரு முன்பதிவு கார்டு (ஆல்பத்தை முன்பதிவு செய்தால் கூடுதலாகத் தருவது) வந்ததும் பின்னால் இருப்பது அத்தனையும் நகர வேண்டும். உருவிச் செருகும் அந்த நேரத்தில்தான் மூலை மடங்குகிறது. ஆல்பம் வாரியாகவா, உறுப்பினர் வாரியாகவா, எது நீண்ட நாள் தாங்குகிறது?

அடுத்தது உறை. கார்டு 55×85 மி.மீ. பாக்கெட்டோ 63×88 மி.மீ. விளையாட்டுக் கார்டுக்குச் செய்தது, உள்ளே ஆடும். 56×87 உறையில் போட்டு, வாய்ப்பக்கம் கீழே வரும்படி 58×89 உறைக்குள் செருகினால் ஆட்டம் குறையும், தூசியும் ஏறாது. பிவிசி தாள் மட்டும் வேண்டவே வேண்டாம்: அதை மென்மையாக்கும் எண்ணெய் கசிந்து, கார்டின் பளபளப்பு முகம் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மை உரியும்.

பக்கவாட்டில் திறக்கும் பாலிபுரொப்பிலீன் தாள், 9 பாக்கெட்டில், யாராவது பயன்படுத்துகிறீர்களா? இரட்டை உறையோடு இறுக்கமில்லாமல் நுழைகிறதா? உங்கள் பைண்டரில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் பெரிய உதவி.