கிரையோஜெனிக் தடை நமக்கு வரமா?

கடலோடி: அமெரிக்கா 1992-இல் தடை போட்டதுதான் இஸ்ரோவுக்கு நடந்த பெரிய நல்லது. சோவியத் விண்வெளி நிறுவனமான கிளாவ்காஸ்மாஸுடன் 1991-இல் போட்ட ஒப்பந்தப்படி, மிகக் குளிர்ந்த திரவ ஹைட்ரஜனை எரிக்கும் கிரையோஜெனிக் ராக்கெட் இன்ஜினோடு அதைச் செய்யும் வித்தையும் வந்திருக்க வேண்டும். ஏவுகணைக்குப் பயன்படுமாம், இரு தரப்பு மீதும் இரண்டு வருடத் தடை. 1993-இல் யெல்ட்சின் அரசு பின்வாங்கியது. வித்தை இல்லை, 7 இன்ஜின்கள் மட்டும். அதனால்தான் சொந்தமாகச் செய்தோம்.

தாமிரபரணி: எத்தனை வருடத்தில்? 1994-இல் தொடங்கிய வேலை, ஜிஎஸ்எல்வி-டி5 ராக்கெட் மூலம் 2014 ஜனவரியில்தான் கைகூடியது. நடுவில் 2010-இல் இன்ஜினுக்கு எரிபொருளைத் தள்ளும் பூஸ்டர் டர்போ பம்ப் நின்று, ராக்கெட் கடலில் விழுந்தது. அதுவரை கனமான இன்சாட் செயற்கைக்கோள்களைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட்டிடம்தானே போனோம்? அந்தச் செலவை உங்கள் வரக் கணக்கில் சேர்த்தீர்களா?

கடலோடி: மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜனைக் கையாள்வது வரைபடத்தைப் பார்த்து வருவதில்லை. இஸ்ரோவின் மகேந்திரகிரி இன்ஜின் சோதனை மேடையில் வருடக்கணக்காக நின்றவர்களுக்குத்தான் அது வரும்.

தாமிரபரணி: சரி, நம் ராக்கெட்டுகளில் இருக்கும் விகாஸ் இன்ஜின் எப்படி வந்தது? 1974-இல் பிரான்ஸோடு ஒப்பந்தம் போட்டோம். நம் பொறியாளர்கள் அங்கே போய் அவர்களுடைய வைக்கிங் இன்ஜின் வேலையில் உட்கார்ந்து கற்றார்கள், திரும்பி வந்து இங்கே செய்தார்கள். பிஎஸ்எல்வியின் இரண்டாம் கட்டத்தில் இன்றும் அதுதான் எரிகிறது. யாரும் தடை போடவில்லையே! 1963-இல் தும்பாவிலிருந்து முதலில் கிளம்பிய நைக்கி-அப்பாச்சி ராக்கெட்டும் அமெரிக்கா கொடுத்ததுதான்.

கடலோடி: கொடுப்பவர் கையை விரித்தால்? சந்திரயான்-2 லேண்டரை ரஷ்யா தருவதாக இருந்தது. 2011-இல் அவர்களின் செவ்வாய் நிலவுக்கான விண்கலம் போபோஸ்-கிரன்ட் தோற்ற பிறகு அந்தப் பேச்சு முடிந்தது. நாமே செய்தோம். 2019-இல் விழுந்தோம், 2023-இல் இறங்கினோம்.

மொட்டைமாடி: நடுவில் நுழைகிறேன். 2025 ஜூலையில் நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோள் போனதே, அதில் எல்-பேண்ட் ரேடார் நாசாவுடையது, எஸ்-பேண்ட் நம்முடையது. ஏற்றிச் சென்றது ஜிஎஸ்எல்வி-எஃப்16. எந்த இன்ஜினைக் கொடுக்காதே என்றார்களோ, அதே வகை இன்ஜின் அவர்கள் ரேடாரையும் மேலே தள்ளியது.

கடலோடி: இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்!

தாமிரபரணி: இல்லை. கையில் சரக்கு இருந்ததால் நாசா சமமாக உட்கார்ந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெருமை மகேந்திரகிரிக்கு. வாஷிங்டனுக்கு எதற்கு நன்றி அட்டை? தடை வராமலே விகாஸ் வந்ததற்கு உங்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.