பொருள்: கிளெப்டோபிளாஸ்டி – ‘கணிகக்கோள்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் உயிர் இன்னோர் உயிரின் பசுங்கணிகத்தை (செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை செய்யும் உறுப்பு, குளோரோபிளாஸ்ட்) எடுத்துத் தன்னுள் வைத்துக்கொள்வது கிளெப்டோபிளாஸ்டி. நம் கலைச்சொல் பட்டியலுக்காக இதற்கு இதுவரை இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன: ‘பசுங்கணிகத் திருட்டு’, ‘கணிகக் கூட்டுவாழ்வு’. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. இப்படிச் செய்யும் ஓர் உயிரை முதலில் பார்த்துவிடலாம்.

கலிபோர்னியாவை ஒட்டிய சாண்டா பார்பரா கடற்படுகை ஏறக்குறைய 600 மீட்டர் ஆழம். வெயில் எட்டாது. அடிநீரில் ஆக்சிஜன் மிக மிகக் குறைவு. அந்தச் சேற்றில் நோனியோனெல்லா ஸ்டெல்லா என்ற போரமினிபெரா (ஓடுள்ள ஒருசெல் உயிர்) வாழ்கிறது. உடம்பு ஒரே செல்தான். அதைச் சுற்றிச் சுண்ணாம்பு ஓடு, ஓட்டுக்குள் அடுத்தடுத்து அறைகள். டயாட்டம்கள் என்ற ஒருசெல் பாசிகளின் பசுங்கணிகங்களை மட்டும் இது செரிக்காமல், உருக்குலையாமல் எடுத்து, மாதக்கணக்கில் உள்ளேயே வைத்துக்கொள்கிறது. இருட்டில் ஒளிச்சேர்க்கை உறுப்பு எதற்கு? நைட்ரஜனைத் தன்மயமாக்க உதவலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கும் போரமினிபெராக்கள் உண்டு என்பதும் 2006இல் வெளிவந்தது.

சரி, சொல்லுக்கு வருவோம். கூட்டுவாழ்வு என்றால் இரண்டு உயிர்கள் வேண்டும். கணிகம் தனி உயிர் அல்ல. அதற்கு உரிய டயாட்டம் எப்போதோ செத்துவிட்டது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் மெட்டோபஸ் என்ற சிலியேட்டுக்கு (நுண்மயிர்களால் நீந்தும் ஒருசெல் உயிர்) கூட்டுவாழ்வு என்ற சொல் பொருந்தும். அது வெளியிடும் ஹைட்ரஜனை உள்ளே குடியிருக்கும் ஆர்க்கியா (பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்) வாங்கி மீத்தேன் ஆக்குகிறது. இரண்டும் உயிரோடு இருக்கின்றன. இந்த வேறுபாட்டை மாணவர்களிடம் குழப்பிவிடக் கூடாது என்பதில் எனக்கு அக்கறை உண்டு.

‘திருட்டு’ பாதியைத்தான் சொல்கிறது. எடுத்து வந்ததைக் கெடாமல் காப்பதல்லவா இங்கே முக்கியம்? அதற்குத் தமிழில் பழைய சொல்லே இருக்கிறது: ஆகோள், அதாவது மாடுகளைக் கவர்ந்து கொள்ளுதல். பகைவரின் ஆநிரையைக் கவரும் வெட்சித் திணையைத் தொல்காப்பியம் ‘ஆதந்து ஓம்பல்’ என்கிறது. கொண்டுவருவதோடு வேலை முடியவில்லை, ஓம்ப வேண்டும். மதுரைக்கு மேற்கே, வைகைக் கரைப் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல்லில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் ‘கூடல் ஊர் ஆகோள்’ என்றே வெட்டியிருக்கிறது. (அந்தக் கூடல் எது என்ற வாதம் இந்த இழைக்கு வேண்டாம்.) ஆகோள் போலவே கணிகக்கோள். சொல் சின்னது, ஒரே மூச்சில் சொல்லலாம். இந்த இழையில் ஒருவர் கேட்டது:

> கோள் என்றால் பிள்ளைகள் செவ்வாய், வியாழன் என்றுதானே நினைப்பார்கள்?

தனியாக நின்றால் நினைப்பார்கள், ஐயா. மேற்கோள், குறிக்கோள், வேண்டுகோள் எல்லாம் அன்றாடம் புழங்குகின்றன; அவற்றில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. முன்னால் ஒரு சொல் ஒட்டிவிட்டால் பொருள் தெளிந்துவிடும்.

அப்புறம், கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. உள்ளே வைத்திருக்கும் கணிகம் ‘கொள்கணிகம்’. கொள்முதல், கொள்கலம் போல வினைத்தொகை. இதைச் செய்யும் உயிர் ‘கணிகங்கொள்ளி’. பாசியிலிருந்து கணிகம் எடுத்துக்கொள்ளும் எலிசியா குளோரோட்டிகா என்ற கடல் நத்தைக்கும் இதே சொற்கள் பொருந்தும்.

மெட்டோபஸுக்குள் இருக்கும் ஆர்க்கியா போன்றவற்றுக்கு ‘உட்கூட்டுயிரி’ போதும் என்று நினைக்கிறேன். ‘உள்ளுறை உயிரி’ என்றால் ஒட்டுண்ணியும் அதில் அடங்கிவிடும். இதில் மாற்றுக் கருத்து இருப்பவர்கள் எழுதுங்கள். இரண்டையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றுவோம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியர்